உடைக்காது உட்புறங் கண்ட பேரறிஞர் ராண்ட்ஜன்

பொங்கற் காலம் அணுகுங்கால் வேங்கிக்கால் சாலையோரத்தே மட்பாண்டங்கள் குவிந்து கிடக்கும். அண்ணாமலையை நாளும் கண்ணுற்று வாழும் அவ்வூர்த் தாய்மார் ஒரு பானையை வாங்குமுன், அதனை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலாற் சுண்டி, எழும் ஓசையைச் செவிசாய்த்துக் கேட்பர். ஓசை கணீரென்று எழுந்தால் பானை நன்று. அடைத்தாற்போல் மந்தமாக எழுந்தால், கண்ணுக்குப் புலனாகாத கீறல் எங்கோ ஒளிந்துள்ளதென அறிந்து அதனை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பர். பானையை உடைத்துப் பார்த்தால் கீறல் உள்ளதா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். ஆனால் பொங்கலிடப் பானை மிஞ்சாது. பொருளை அழியாமலே அதன் அகத்தை அறியவேண்டும் என்னும் இவ்வறிவு நம் பாட்டிமார் காலந்தொட்டு நம்மிடையே உள்ளது.

பானையிற் கீறல் இருப்பின் பால் ஒழுகி அடுப்பு அவியும், இழப்பு அவ்வளவே. நீராவியை அடக்கி நிற்கும் இரும்புக் குழாயிலும், எண்ணெயோ அமிலமோ நிறைந்த பெருந்தொட்டியிலும் கீறல் ஒளிந்திருந்தால், அருகே தொழில் புரிவோர் உயிரிழப்பர். இரும்பு பானையைப்போல் எளிதில் தன் குறையைச் சொல்லிவிடுவதில்லை. புறத்தே பளபளவென்று விளங்கும் உலோகத்தின் உள்ளே வெற்றிடமும் வெடிப்பும் மறைந்து கிடக்கும். அவற்றை உடைக்காமற் காணும் ஒளியை உலகிற்கு முதன்முதல் அளித்தவர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர். வைத்தியசாலையில் எலும்பு முறிவைக் காட்டும் எக்ஸ் கிரணங்களைக் கண்டவர் என்றே அவரை நம் மாணவர் அறிவர். அவருடைய வாழ்க்கையைக் கருத்தூன்றி நோக்கின், அதனினும் ஆழ்ந்த பாடமொன்று அதில் உண்டு.

ஜெர்மனி தேசத்தில் ரைன் நதிப் பிரதேசத்தைச் சார்ந்த லென்னெப் என்னும் சிற்றூரில், 1845-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் ராண்ட்ஜன் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். பெற்றோர்க்கு இவர் ஒரே மகவு. இவர்க்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்து நாட்டு அப்பல்டூர்ன் நகரிற் குடியேறிற்று. பள்ளியில் இவர் சிறந்த மாணாக்கர் எனப் பெயரெடுத்தாரல்லர். காடும் வயலும் சுற்றித் திரிவதிலும், கையாற் சிறு பொறிகள் செய்வதிலுமே இவர்க்கு விருப்பம் மிக்கிருந்தது. அக்கைத்திறமே பிற்காலத்தில் தம் ஆராய்ச்சிக் கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்ள இவர்க்கு உதவியது.

1862-இல் யூட்ரெக்ட் நகரத்துத் தொழிற்பள்ளியிற் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் மாணவன் ஒருவன் ஆசிரியர் ஒருவரை எள்ளிக் கேலிச் சித்திரம் வரைந்தான். பழி ராண்ட்ஜன்மேல் விழுந்தது. வரைந்தவன் யாரென்று சொல்லுமாறு பள்ளித் தலைவர் வற்புறுத்தினர். தோழனைக் காட்டிக்கொடுக்க ராண்ட்ஜனின் மனம் ஒருப்படவில்லை. வாய் திறவாது நின்றார். அதன் பயனாகப் பள்ளியினின்றும் விலக்கப்பட்டார். தேறியதற்குரிய சான்றுத்தாள் இல்லாமையால், யூட்ரெக்ட் சர்வகலாசாலையில் முறைப்படி மாணவராகச் சேரவும் இயலவில்லை. செய்யாத குற்றத்துக்காகப் பெற்ற அத்தண்டனை, பல ஆண்டுகள் இவர் செல்லும் இடமெல்லாம் நிழல்போல் தொடர்ந்தது.

அக்காலத்தே சுவிட்சர்லாந்து நாட்டு சூரிச் நகரத்துத் தொழிற்கல்லூரி, சான்றுத்தாள் இல்லாதாரையும் தன் நுழைவுச் சோதனை வாயிலாக ஏற்கும் வழக்கமுடையதாயிருந்தது. ராண்ட்ஜன் அங்கே சென்று 1865-இல் இயந்திரப் பொறியியல் மாணவரானார். 1868-இல் பொறியியற் பட்டமும், மறு ஆண்டிற் சூரிச் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டமும் பெற்றார். வெப்ப சாஸ்திரத்தில் புகழ்பெற்ற கிளௌசியசின் விரிவுரைகளை அங்கே கேட்டார். ஆயினும் இவரை ஆளாக்கியவர் ஆகஸ்ட் குண்ட் என்னும் இளம் பேராசிரியரே. பொறியியல் கற்க வந்த மாணவரிடத்து நுட்பமான ஆராய்ச்சி மனம் மறைந்திருத்தலைக் குண்ட் கண்டுகொண்டு, தம் ஆராய்ச்சிச் சாலையில் துணைவராக அமர்த்திக்கொண்டார். தாள் ஒன்றைப் பார்த்து மதிப்பிட்டவர் பலர்; மனிதரைப் பார்த்து மதிப்பிட்டவர் இவர் ஒருவர்.

குண்ட் 1870-இல் வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலைக்குச் சென்றபோது ராண்ட்ஜனும் உடன் சென்றார். அங்கே விரிவுரையாளராக அமரும் உரிமையை வேண்டியபோது, பழைய பள்ளிச் சான்றின்மையைக் காட்டி அச்சர்வகலாசாலையார் மறுத்துவிட்டனர். 1872-இல் ஆசிரியரும் மாணவரும் ஸ்ட்ராஸ்பர்க் சேர்ந்தனர். அங்கே 1874-இல் அவ்வுரிமை கிடைத்தது. பின்னர் ஹோஹன்ஹைம் வேளாண்மைக் கல்லூரியிலும், மீண்டும் ஸ்ட்ராஸ்பர்க்கிலும், 1879 முதல் கீசன் நகரிலும் ஆசிரியப் பணி புரிந்தார். முன்பு கதவடைத்த வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலையே 1888-இல் இவரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தது. 1894-இல் தன் தலைவராகவும் தெரிந்தெடுத்தது. இவர் அங்கே பழைய வழக்கைக் கிளறினாரல்லர், வேலையைத் தொடங்கினார்.

சூரிச் நகரத்து உணவுவிடுதிக்காரர் ஒருவரின் மகளாராகிய அன்னா பெர்த்தா என்னும் அம்மையாரை இவர் 1872-இல் மணந்தார். தமக்கு மகப்பேறு இன்மையால், அம்மையாருடைய உடன்பிறந்தாரின் மகளை எடுத்து வளர்த்தனர். அம்மையார் நெடுங்காலம் நோயுற்றிருந்தார். ராண்ட்ஜன் அருகிருந்து பேணினார்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை. காற்று பெரும்பாலும் நீக்கப்பெற்ற கண்ணாடிக் குழாயினூடே உயர்ந்த அழுத்த மின்சாரத்தைச் செலுத்தி, அதனுள் நிகழ்வனவற்றை ராண்ட்ஜன் ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயின் ஒளி சிறிதும் வெளிவராவண்ணம் கறுத்த அட்டையால் அதனை மூடியிருந்தார், அறையும் இருட்டாக்கப்பட்டிருந்தது. அப்போது சற்றுத் தொலைவில், பேரியம் பிளாட்டினோசயனைடு என்னும் உப்புப் பூசிய திரையொன்று மங்கலாக ஒளிர்ந்தது. மின்சாரத்தை நிறுத்தினார், ஒளி அவிந்தது. மீண்டும் செலுத்தினார், மீண்டும் ஒளிர்ந்தது. அட்டையை ஊடுருவி, கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று திரையை எட்டுகின்றது என்பது தெளிவாயிற்று. இத்தகைய குழாய்களை அக்காலத்தில் ஐரோப்பாவில் ஆராய்ந்தோர் பலர். விளங்காத சிறு நிகழ்ச்சியைக் கண்டபின் அதனைக் கடந்துபோக மாட்டாமையே இவருடைய சிறப்பு.

அதன்பின் ஏழு வாரம் ஆராய்ச்சிச் சாலையே இவர்க்கு வீடாயிற்று. உணவும் சில நாள் துயிலும் அங்கேயே நிகழ்ந்தன. தாம் கண்டது மயக்கமோ என்ற ஐயம் தமக்கே இருந்தமையால் எவரிடமும் வெளியிடாது, பொருள்களை ஒவ்வொன்றாகக் குழாய்க்கும் திரைக்கும் இடையே வைத்து அளந்தார். ஆயிரம் பக்கமுள்ள புத்தகத்தையும், தடித்த மரக்கட்டையையும் அக்கிரணங்கள் எளிதிற் கடந்தன. பதினைந்து மில்லிமீட்டர் அலுமினியம் அவற்றைத் தளர்த்தியது, முற்றும் தடுக்கவில்லை. ஈயமோ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திலேயே ஏறக்குறைய முழுதும் தடுத்துவிட்டது. இயல்பு அறியப்படாத ஒன்றைக் கணித நூலார் எக்ஸ் என்னும் எழுத்தாற் குறிப்பதுபோல், இவரும் அவற்றை எக்ஸ் கிரணங்கள் என்று குறித்தார். டிசம்பர் 22-ஆம் நாள் மனைவியாரை அழைத்து, அவர் கையைப் புகைப்படத் தகட்டின்மீது வைக்கச் செய்து கிரணங்களைச் செலுத்தினார். தகட்டில் விரலெலும்புகளும், அவற்றிலொன்றைச் சூழ்ந்து நின்ற கணையாழியும் தோன்றின. உயிருள்ள உடலின் அகம் கத்தி படாமற் காணப்பட்டது.

அம்மாதம் 28-ஆம் நாள் தம் முதற் கட்டுரையை வூர்ட்ஸ்பர்க் பௌதிக வைத்திய சங்கத்தாரிடம் அளித்தார். புத்தாண்டு பிறந்து சில நாட்களில் வியன்னாவின் பத்திரிகைகள் வாயிலாகச் செய்தி உலகெங்கும் பரவிற்று. ஜனவரி 23-ஆம் நாள் இவர் நிகழ்த்திய விரிவுரையின் முடிவில், உடற்கூற்று நூலறிஞரான முதியவர் கோலிக்கரின் கையைப் படம்பிடித்துக் காட்டினார். அக்கிரணங்கள் ராண்ட்ஜன் கிரணங்கள் என வழங்குக என்று கோலிக்கர் முன்மொழிந்தார்.

கையின் படத்தை உலகம் கொண்டாடிற்று. நம் பொருளுக்கு இன்றியமையாதது மற்றொரு படம். முதற் கட்டுரையிலேயே, மூடிய மரப்பெட்டிக்குள் இருந்த எடைக்கற்களின் படத்தோடு, உலோகத் துண்டொன்றின் உட்புறம் ஒரே சீராயின்மையைக் காட்டிய படத்தையும் ராண்ட்ஜன் குறித்திருந்தார். பின்னர்த் தம் வேட்டைத் துப்பாக்கியைத் தோட்டாவோடு படம்பிடித்தார். இரும்புக் குழலின் உள்ளே இருந்தவை படத்திற் புலனாயின. குழாயை அறுக்காது அதன் உட்புறங் காணும் தொழிலுக்கு அத்துப்பாக்கிக் குழலே முன்னோடி எனலாம். வேட்டைக்குச் செல்லும் ஒருவர்க்குத் தம் குழல் வெடிக்குமோ வெடியாதோ என்பது வெறும் சாஸ்திர வினா அன்றே.

செல்வமும் பட்டமும் தேடிவந்தன. எக்ஸ் கிரணங்களுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக்கொண்டிருப்பின் இவர் பெருஞ்செல்வராயிருப்பார். தம் கண்டுபிடிப்பு மாந்தர் அனைவர்க்கும் உரியது என்று கருதி அதனை மறுத்தார். குடிப்பெருமையைக் குறிக்கும் பட்டச்சொல்லைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளவும் இசைந்தாரல்லர். 1900-இல் மியூனிச் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1901-இல் நோபெல் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது பௌதிகத்துக்குரிய பரிசு இவரை அடைந்தது. ஸ்டாக்ஹோம் சென்று அதனைப் பெற்ற இவர், பரிசுப் பணத்தை வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலைக்கு அளித்தார். இளமையில் தம்மை மறுத்த நிலையம் அது என்பதை வாசகர் மறவார்.

புதிய ஒளிக்கு ஒரு கொடிய பக்கமும் இருந்தது. ராண்ட்ஜன் இருளை நாடித் துத்தநாகத் தகட்டாற் செய்த பெரிய பெட்டிக்குள் நின்று ஆராய்ந்தமையால், தாம் அறியாமலே பெரிதும் காப்புற்றார். பிறர்க்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அமெரிக்க அறிஞர் எடிசனின் துணைவராய் இக்கிரணங்களோடு பழகிய கிளாரன்ஸ் டாலி என்பவர், கைகள் புண்பட்டு வெட்டப்பட்டும் பிழையாது 1904-இல் மாண்டார். இவ்வாறு உயிர் நீத்த தொழிலாளர்க்கும் மருத்துவர்க்கும் 1936-இல் ஹாம்பர்க் நகரில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. பொருளுக்கு ஊறு செய்யாத சோதனை, அதனைச் செய்வோர்க்கும் ஊறு செய்யாதிருத்தல் வேண்டும் என்பதை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது.

நீராவி யந்திரங்கள் பெருகிய அந்நாட்களிற் கொதிகலன்கள் வெடித்தல் அரிய செய்தியன்று. 1905-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் அமெரிக்காவில் பிராக்டன் நகரத்துக் காலணித் தொழிற்சாலையிற் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். உடனே எக்ஸ் கிரணத்தை அழைத்து இரும்பைச் சோதிக்க இயலவில்லை. பழைய குழாய்கள் வலிவற்றவை. 1913-இல் கூலிட்ஜ் என்னும் அமெரிக்கர் நிலையாகவும் வலிவாகவும் கிரணந்தரும் புதிய குழாயை அமைத்த பின்னரே, கனத்த எஃகினை ஊடுருவும் வழி திறந்தது.

இதற்கிடையே பெரும் போர் மூண்டது. ஜெர்மானியப் படையின் செய்கைகளை ஆதரித்து 1914-இல் 93 அறிஞர் வெளியிட்ட அறிக்கையில் ராண்ட்ஜனும் கையொப்பமிட்டார். ஏழு வாரம் ஐயுற்று அளந்து பார்த்தபின்னரே தாம் கண்ணாற் கண்டதையும் வெளியிட்ட பெரியார், அவ்வறிக்கையை அவ்வாறு ஆராயாது ஒப்பமிட்டார். பின்னர் அதற்காக வருந்தினார். இதனை மறைத்து எழுதுதல் இவர் வரலாற்றுக்குப் பெருமையன்று. பெரியோரிடத்தும் கீறல் உண்டு. அதனை ஒப்புக்கொள்ளுதலே அவர்தம் பெருமை.

1919-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பாஸ்டன் நகரில் நிகழ்ந்தது தொட்டிகளின் வரலாற்றில் மறக்கலாகாதது. ஐம்பது அடி உயரமும் தொண்ணூறு அடி குறுக்களவும் உடைய எஃகுத் தொட்டியொன்று, ஏறக்குறைய 23 லட்சம் காலன் வெல்லப்பாகு நிறைந்திருந்த நிலையிற் பிளந்தது. தெருவெங்கும் பாகு அலையெனப் பாய்ந்து 21 உயிர்களைக் கொண்டது. கட்டியபோதே தகடுகள் உரிய கனமின்றி இருந்தன. நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டிய தொட்டியில் ஆறங்குல நீரே விடப்பட்டது. பின்னர் மூட்டுவாய்களிற் பாகு கசிந்ததை அயலார் கண்டனர். குழந்தைகள் அதனைக் கலங்களிற் பிடித்துச் சென்றனர். கசிவு கண்ணிற் படாதிருக்கத் தொட்டிக்குப் பாகின் நிறத்திலேயே வண்ணம் பூசப்பட்டது. அங்கே எக்ஸ் கிரணமும் வேண்டியதில்லை. குறை தானே வெளிவந்து கூவிற்று. கேட்கும் மனம் இல்லை.

பாஸ்டனை அடுத்த வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் 1922-இல் ஹொரேஸ் லெஸ்டர் என்பவர் எக்ஸ் கிரண ஆராய்ச்சிச் சாலை அமைத்து, எஃகு வார்ப்புகளின் உட்குறைகளை முறையாக ஆராய்ந்தார். ராண்ட்ஜன் வாழ்நாளின் கடைசிக் கட்டம் அது. 1919 அக்டோபரில் மனைவியாரை இழந்திருந்தார். மறு ஆண்டு பணியினின்றும் ஓய்வு பெற்றார். போருக்குப்பின் ஜெர்மனியின் நாணயம் மதிப்பிழந்தமையால் சேமித்த பொருள் கரைந்தது. கோடிகள் ஈட்டியிருக்கக்கூடியவர் முதுமையில் சிக்கனமாகவே வாழ்ந்து, 1923-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் குடற் புற்றுநோயால் மியூனிச்சிற் காலமானார். கீசன் நகரத்து இடுகாட்டில் அடக்கம் பெற்றார்.

அவர் மறைந்த எட்டாண்டுக்குப்பின், 1931-இல், அமெரிக்க இயந்திரப் பொறியியலார் சங்கத்தின் கொதிகலன் விதிகள், எக்ஸ் கிரணத்தாற் சோதிக்கப்பட்ட பற்றவைப்பை ஏற்றுக்கொண்டன. தறையாணிகளால் இணைத்த கொதிகலன்கள் மறைந்து, வெல்டிங் என்னும் பற்றவைப்பால் இணைத்த கொதிகலன்கள் பெருக அது வழிகோலிற்று.

இன்று ஒரு குழாயின் இணைப்பைச் சோதிக்கும் முறை எளிதில் விளங்கத்தக்கது. குழாயின் ஒரு பக்கத்தே கிரணந்தரும் பொருளையும் மறு பக்கத்தே பிலிமையும் வைப்பர். எக்ஸ் கிரணக் கருவியை எடுத்துச் செல்ல இயலாத இடங்களில் இரிடியம் 192 என்னும் கதிர்வீசும் பொருள் பயன்படும். அதன் வலிமை ஏறக்குறைய 74 நாளிற் பாதியாகக் குறையும். இணைப்பினுள் வெற்றிடமோ உருகிச் சேராத இடமோ இருப்பின், அவ்வழியே மிகுதியான கிரணம் சென்று பிலிமிற் கரும்புள்ளியாகவோ கருங்கோடாகவோ பதியும். பிலிமையும் சோதித்தல் உண்டு. தெரிந்த பருமனுள்ள நுண்ணிய கம்பிகளைக் குழாயின்மீது வைத்தே படம்பிடிப்பர்; உரிய கம்பி படத்தில் தெரிந்தாலன்றி அப்படத்தை நம்பமாட்டார்.

கிரணத்துக்கும் எல்லை உண்டு. அதன் போக்கிற்குக் குறுக்கே படிந்த மெல்லிய வெடிப்பு படத்தில் தப்பிவிடலாம். ஆதலின் செவிக்கெட்டாத நுண்ணொலியைச் செலுத்தி எதிரொலியால் அறியும் முறையையும் கையாள்வர். எண்ணெய்த் தொட்டியின் அடித்தகடு மண்மேற் படிந்து கிடத்தலின், அதன்கீழ்ப் பிலிம் வைத்தல் இயலாது. அங்கே தகட்டைக் காந்தமாக்கி, அரிப்புற்ற இடத்திற் காந்தவிசை வெளியே கசிதலைக் கண்டு குறையை உணர்வர். வேங்கிக்கால் அன்னையின் விரலோசையே இவ்வாறு பல உருவெடுத்துள்ளது.

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரிற் பெருங்கொதிகலன்கள் செய்யும் தொழிற்சாலை 1960-களில் எழுந்தது. அதனோடு சார்ந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-இல் தோன்றிற்று. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தார் உலைகளின் குழாய்களைச் சோதிக்கும் அதே கலையைக் கொண்டு, தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளையும் சிதையாமல் ஆராய்ந்துள்ளனர். ஆயினும் நம் மாவட்டத்துக்கு அண்மையிலுள்ள நெய்வேலி அனல் மின்னிலையத்தில் 2020-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அதன் காரணத்தை ஆராய்தல் இக்கட்டுரைக்கு உரியதன்று. ஆவியோடும் அழுத்தத்தோடும் பழகும் தொழிலில் ஒவ்வொரு நாளும் எத்தனை உயிர்கள் பணயமாக நிற்கின்றன என்பதை நினைவூட்டவே அதனைக் குறித்தோம்.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருட் சிலர் நாளை இத்தகைய சோதனையாளராதல் கூடும். பிலிமில் மெல்லிய கருங்கோடு தெரியும். வேலையை முடித்துத்தர மேலோர் விரைவர். கையொப்பம் ஒன்றே குறையாயிருக்கும். அவ்வேளையில் ராண்ட்ஜனின் வாழ்க்கை அவர்க்குத் துணையாகுக. தோழனைத் தண்டனைக்குக் காட்டிக்கொடுக்க மறுத்த அவரே, இரும்பின் குறைகளை உலகறியக் காட்டும் ஒளியைத் தந்தார். இவ்விரண்டும் முரணல்ல. ஒருவனை வீழ்த்துதற்குக் குறை கூறுதல் வேறு. பலரைக் காத்தற்குக் குறை கூறுதல் வேறு. பின்னதில் வாய்மூடியிருத்தல், கசியும் தொட்டிக்கு வண்ணம் பூசுதலையே ஒக்கும்.

ஆசிரியராயுள்ள நாமும் ஒன்றை நினைத்தல் நலம். சான்றுத்தாளைக் கண்டு ஒரு மாணவனை விலக்குதல் எளிது. குண்டைப்போல் அவனை உடைக்காமல் உள்நோக்கி, அங்கே மறைந்திருக்கும் ஆற்றலைக் காணுதலே அரிது. அவ்வாறு காணும் கண்ணைப் பெறுவோமாக.